ஐம்பதைத் தாண்டிய பின் பறை: காலில் தொடங்கிக் கைக்கு வாருங்கள்

வேலையும் பிள்ளைகள் பொறுப்பும் ஓரளவு குறைந்த பிறகு ஒரு வாத்தியம் கற்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கீபோர்டு, வீணை, புல்லாங்குழல் என்று உட்கார்ந்து வாசிக்கும் கருவிகளையே தேடிப் போகிறார்கள். டாக்டரோ தினமும் நடங்கள், வெளியே போங்கள் என்கிறார். கிடைக்கிற ஒரு மணி நேரத்தை வாத்தியத்துக்குக் கொடுப்பதா, நடைக்குக் கொடுப்பதா என்ற இழுபறியில் இரண்டு மாதத்தில் இரண்டுமே நின்றுவிடுகின்றன.

பறையில் இந்த இழுபறிக்கு இடமில்லை. அது திறந்த வெளிக்கான கருவி. நின்றுகொண்டு, நடந்துகொண்டு, ஆடிக்கொண்டு அடிப்பது. ஐம்பது, அறுபது வயதில் தொடங்குகிறவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. வீணைக்கும் வயலினுக்கும் வேண்டிய விரல் நுணுக்கம் இதற்கு வேண்டாம். மணிக்கட்டு, முழங்கை, தோள், இவற்றுக்கெல்லாம் அடியில் கால் என்று உடம்பின் பெரிய மூட்டுகள்தான் வேலை செய்கின்றன. விரல் விறைத்துப்போனவர்கள்கூடக் குச்சியைப் பிடித்துவிடுவார்கள்.

தமிழில் காலடியும் அடிதான், பறையின் தாளக்கட்டும் அடிதான். இது சொல் விளையாட்டு இல்லை, கற்பதற்கான வழியே இதில் இருக்கிறது. தாளத்தைத் தாங்குவது கால். அதன்மேல் கை கோலம் போடுகிறது. ஐம்பது வருடமாக நடந்த காலுக்குச் சீரான எண்ணிக்கை ஏற்கெனவே தெரியும். புதிதாகக் கற்க வேண்டியது கை மட்டும்தான். இதைத் தலைகீழாகச் செய்து, முதலில் உட்கார்ந்து கையில் அடியைப் பழகி, பிறகு எழுந்து காலைச் சேர்க்கப் பார்ப்பவர்கள் எழுந்த முதல் நாளே எல்லாவற்றையும் மறக்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்கக் காலிலிருந்து கைக்கு வரும் வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்தில் செய்த கண் அல்லது மூட்டு அறுவை சிகிச்சை, இடது தோள் இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். “டிரம் கற்கப் போகிறேன்” என்று மட்டும் சொன்னால் அவர் உட்கார்ந்து வாசிப்பதாக நினைத்துக்கொள்வார். “தோளில் கருவியை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்று ஆடுவேன்” என்று சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மைதானத்துக்குப் போகக் கூடாது. பையில் நாலு பேரீச்சம்பழமோ குளுக்கோஸோ இருக்கட்டும். பறையாட்டத்தை வெறுங்காலோடு ஆடுவது பல குழுக்களில் வழக்கம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் விதிவிலக்குக் கேட்கத் தயங்க வேண்டாம். மெல்லிய அடிப்பாகம் கொண்ட கேன்வாஸ் ஷூ போதும்; தடித்த ரப்பர் அடிப்பாகம் இருந்தால் தரை தெரியாது, கால் தடுக்கும்.

காது முக்கியம். பறை மிகச் சத்தமான கருவி. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம், 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு அது 15 நிமிடம்தான். பத்துப் பேர் சேர்ந்து அடிக்கும் வட்டத்தின் நடுவில் நிற்பவர் இதை மனதில் வைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் போதும். அதை உருட்டி ஒடுக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டால்தான் சரியாக அடைக்கும். காது கேட்கும் கருவி அணிகிறவர்கள் பயிற்சி நேரத்தில் அதைக் கழற்றி வைப்பது பற்றித் தங்கள் காது மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ரீங்காரம் இருந்தால் அன்று சத்தம் அதிகம் என்று பொருள். அடுத்த நாள் பறையை எடுக்காதீர்கள்.

ஆசான்

காணொளி பார்த்துக் குச்சி பிடிக்கக் கற்கலாம், ஆட்டம் வராது. சென்னை, மதுரை, கோவை, திண்டுக்கல் பக்கங்களில் வார இறுதி வகுப்பு நடத்தும் பறைக் குழுக்கள் இருக்கின்றன. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றிலும் இப்போது பறை வகுப்பு உண்டு. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பெண்களே பறையடித்துப் பெயர் பெற்ற குழு. மதுரையைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சேரும் முன் ஒரு வகுப்பைச் சும்மா நின்று பாருங்கள். இருபது வயதுப் பிள்ளைகளோடு அதே வேகத்தில் ஓடச் சொல்லும் இடமா, தனித்தனியாகக் குச்சிப் பிடியைத் திருத்தும் இடமா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கருவியின் கதையைத் தெரிந்துகொண்டு போவது மரியாதை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. பிற்காலத்தில் இதே பறையைச் சாதியின் பெயரால் ஒரு சாராரின் கட்டாய வேலையாக்கி, சாவு வீட்டில் அடிக்க வைத்து, அடித்தவரையே இழிவாக நடத்தினார்கள். அந்த இழிவை மறுத்துப் பறையை விடுதலையின் இசையாக மேடைக்குக் கொண்டு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் இன்று உங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். வாய்ப்பாட்டு ஆசிரியருக்கு எவ்வளவு கட்டணம் கொடுப்பீர்களோ அதே அளவைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எந்த அடி எந்தச் சந்தர்ப்பத்துக்கு உரியது, அதன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். தெம்மாங்கு அடி, ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி என்று பெயரோடு கற்றது மறக்காது.

கருவி: எதைப் பார்த்து வாங்குவது

மரபான பறையின் வட்டச் சட்டம் மூன்று மரத் துண்டுகளால் ஆனது. வேம்பு, பூவரசு போன்ற மரத்தில் வளைவாக அறுத்து, மூட்டு வாய்களில் இரும்புத் தகடு வைத்து இணைப்பார்கள். விட்டம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஒரு பக்கம் மட்டும் மாட்டுத்தோல்; மறுபக்கம் திறப்பு. தோலைச் சட்டத்தில் ஒட்டப் புளியங்கொட்டைப் பசை பயன்படுத்துவது பழைய முறை.

வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, பறையைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்துச் சட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். ஒரு மூட்டு மேலும் ஒரு மூட்டு கீழுமாக இருந்தால் தோல் ஒரு பக்கம் எப்போதும் தொய்யும். இரண்டாவது, மூட்டுத் தகட்டின் ஆணிகளை விரலால் தடவுங்கள். துருத்திய ஆணி ஒன்று இருந்தாலும் ஆடும்போது விலாவைக் கிழிக்கும். மூன்றாவது, தோளில் மாட்டிக்கொண்டு கடையிலேயே பத்து நிமிடம் நில்லுங்கள். மரத்தைப் பொறுத்து எடை நிறைய மாறும். கையில் தூக்கிப் பார்க்கும்போது லேசாகத் தெரிவது எட்டாவது நிமிடத்தில் கழுத்தை இழுக்கும். ஐம்பதுக்கு மேல் தொடங்குகிறவர் கனத்த பறையின் கம்பீரத்தில் மயங்க வேண்டாம், லேசானதை எடுங்கள்.

பிளாஸ்டிக் முகமும் நட்டு போல்ட்டும் வைத்த பைபர் பறையும் கிடைக்கிறது. மழைக்கு அஞ்சாது, தீயில் காட்டிக் காய்ச்ச வேண்டாம், அடுக்ககத்தில் வசிப்பவருக்குத் தோது. ஒலி கூர்மையாக, கொஞ்சம் தகரம் போல இருக்கும். அதில் பழகலாம், தவறில்லை. ஆனால் இடக்கையில் பிடிக்கும் மூங்கில் குச்சியான சிண்டுக்குச்சி தோலில் படிந்து எழும் உணர்வு அதில் வராது. மூன்று நாலு மாதத்துக்குள் தோல் பறைக்கு மாறுங்கள். போல்ட்டை முறுக்கும்போது வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக முறுக்காதீர்கள். ஒன்றைக் கால் சுற்று, பிறகு அதற்கு நேர் எதிரே உள்ளதைக் கால் சுற்று என்று எதிரெதிராகப் போனால்தான் முகம் கோணாது.

குச்சிகள் இரண்டு. வலக்கையில் அடிக்குச்சி: ஏழு அங்குல அளவில் குட்டையாக, விரல் தடிமனில், கனமான மரம். இடக்கையில் சிண்டுக்குச்சி, சிலர் சுண்டுக்குச்சி என்பார்கள்: ஏறக்குறைய ஓரடி நீளத்தில் தட்டையாகச் சீவிய மூங்கில். வளைத்தால் வில்லாக வளைந்து விட்டதும் நேராக வேண்டும். இது சீக்கிரம் உடையும். பையில் எப்போதும் இரண்டு கூடுதலாக இருக்கட்டும். புதிய மூங்கிலின் விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். தேய்க்காத சிலாம்பு முதலில் விரலில் ஏறும், பிறகு தோலைக் கீறும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் வரிசையில் பக்கத்து ஆளோடு குச்சி இடிக்கும் என்பதால் ஓரத்தில் நிற்க வேண்டி வரும்.

முதல் இரண்டு வாரம்: பறையை எடுக்காதீர்கள்

வழக்கமான காலை நடையிலேயே தொடங்கலாம். நிமிடத்துக்கு 100 அடி வைத்து நடப்பது பெரியவர்களுக்கு மிதமான வேகம். கைப்பேசியில், சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை 100இல் வைத்து ஒரு தட்டுக்கு ஓர் அடி என்று நடந்து பாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும், அதுதான் அளவு. மூச்சு அதற்கு மேல் வாங்கினால் 80க்கு இறக்குங்கள்.

இனிச் சொற்கள். அடிக்குச்சியின் அடிக்கு ‘த’, சிண்டுக்குச்சிக்கு ‘கு’, இரண்டும் சேர்ந்து விழுவதற்கு ‘ஜம்’ என்று இந்தக் கட்டுரையில் வைத்துக்கொள்வோம். ஆசானுக்கு ஆசான் சொல் மாறும். உங்கள் ஆசான் சொல்வதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல்: வலக்காலில் ‘த’, இடக்காலில் ‘கு’. வாய்விட்டுச் சொல்லி ஐந்து நிமிடம் நடங்கள்.
2. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு சொல்: ‘தகு தகு’. கால் வேகம் மாறக் கூடாது. வாய் மட்டும் இரட்டிப்பாகும். இங்கேதான் பலருக்கு நடை வேகம் பிடிக்கும். அப்படி ஆனால் மெட்ரோனோமை 70க்குக் கொண்டு வாருங்கள்.
3. நாலடிக் கட்டு: முதல் அடியில் ‘ஜம்’ என்று சொல்லி மௌனம், இரண்டாம் அடியில் ‘தகு’, மூன்றாம் அடியில் ‘ஜம்’ சொல்லி மௌனம், நாலாம் அடியில் ‘தகு’. ‘ஜம்’ சொல்லும்போது கை தட்டுங்கள்.
4. ஒவ்வொரு அடிக்கும் மூன்று சொல்: ‘தகுகு தகுகு’. இதில் ‘த’ எப்போதும் காலோடு விழும். நாட்டுப்புறத் தாளங்களில் நிறையக் கேட்கும் மூன்றின் ஓட்டம் இது.

பூங்காவில் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு மனதுக்குள் சொல்கிறவர்கள் உண்டு. மனதுக்குள் சொன்னால் பிழை தெரியாது. வாய் தடுமாறும் இடத்தில்தான் நாளைக்குக் கையும் தடுமாறும். ஆள் குறைவான பாதையாகத் தேடிப் போய்ச் சத்தமாகச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் வீட்டில் தினமும் பத்து நிமிடம் குச்சிகளை மட்டும் எடுத்து, கெட்டியான தலையணையிலோ பழைய டயர்த் துண்டிலோ அடியுங்கள். நின்றுகொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்தபடிதான் அடிக்க வேண்டும்.

குச்சிப் பிடியும் மூன்று அடிகளும்

மூன்றாம் வாரம் பறையை மாட்டுங்கள். கயிறோ நாடாவோ இடது தோளில் தொங்கும். பறை இடப்பக்கம் விலாவை ஒட்டி, தோல் முகம் வெளியே பார்க்க, மேல் விளிம்பு முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கயிறு நீளமாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் பறை தொடையில் மோதும். குட்டையாக இருந்தால் தோள் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். மறுநாள் கழுத்து பிடிக்கும். கயிறு படும் இடத்தில் துண்டை நாலாக மடித்து வையுங்கள்.

இடது முன்கை மேல் விளிம்பின் மேல் படிந்து இருக்க, அங்கிருந்து சிண்டுக்குச்சி தோலின் மேல் இறங்கும். வலக்கை கீழ்ப்பக்கத்திலிருந்து வந்து அடிக்குச்சியால் நடுவில் அடிக்கும்.

சிண்டுக்குச்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பறையின் குரலே அதில் இருக்கிறது. குச்சியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வையுங்கள். மற்ற மூன்று விரலும் பறவைக் குஞ்சைப் பிடித்தாற்போலத் தளர்ந்து மூடட்டும். மணிக்கட்டை மட்டும் உதறுங்கள். குச்சியின் நுனி மட்டும் பட்டால் ‘டிக்’ என்று வறட்டு ஒலி வரும். குச்சியின் முழு நீளமும் ஒரே நேரத்தில் தோலில் படிந்தால் ‘சட்’ என்று விரிந்த ஒலி, சாட்டை சொடுக்கியதுபோல எழும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: பத்து அடி அடித்துவிட்டுத் தோலைப் பாருங்கள். ஒரே புள்ளியில் தேய்ந்த வெண்தடம் தெரிந்தால் நுனியால் அடிக்கிறீர்கள். அந்தப் புள்ளியில்தான் தோல் பிறகு கிழியும். மெல்லிய நீளக் கோடாகத் தடம் இருந்தால் சரி. நுனியே பட்டுக்கொண்டிருந்தால் இடது முழங்கை உடம்பிலிருந்து விலகி எழுந்திருக்கிறது. அதை இறக்கி விளிம்பில் படியவைத்தால் குச்சி தானாகப் படுக்கும்.

அடிக்குச்சி இவ்வளவு பாடு படுத்தாது. நடுவில் அடித்து உடனே எடுத்துவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் ஒலி செத்துவிடும். மூன்றாவது அடியான ‘ஜம்’ஐ இரண்டு கையும் ஒரே நொடியில் போட வேண்டும். ‘ஜ-ஜம்’ என்று இரண்டாகப் பிரிந்து கேட்டால் பெரும்பாலும் இடக்கைதான் தாமதம்; சிண்டுக்குச்சி நீளமானது, அதை முன்கூட்டியே கிளப்ப வேண்டும்.

ஒரு நாள் கணக்கு: ‘த’ தனியாக 50, ‘கு’ தனியாக 100, ‘ஜம்’ 30, பிறகு ‘தகு’ 50. ‘கு’வுக்கு இரட்டை எண்ணிக்கை காரணத்தோடுதான். வலக்கைப் பழக்கம் உள்ளவரின் இடக்கை மணிக்கட்டு இத்தனை வருடம் சும்மா இருந்தது. முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் பிடி இறுகிவிட்டது என்று அர்த்தம். அன்று நிறுத்திவிடுங்கள், வலியோடு எண்ணிக்கையை முடிக்க வேண்டாம்.

கையும் காலும் சேருமிடம்

அடிப்படை ஆட்டம் நாலு எண்ணிக்கை: வலது முன்னே, இடது முன்னே, வலது பின்னே, இடது பின்னே. முழங்கால் லேசாக மடிந்தே இருக்கட்டும். நீட்டி நிமிர்த்தினால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் இடுப்புக்கு ஏறும். இளைஞர்கள் உட்கார்ந்து எழும் இடங்களில் நீங்கள் கால்பங்கு மடித்து எழுந்தால் போதும். குதிக்கும் இடத்தில் எட்டு, அதாவது ஒரு காலடி, வையுங்கள். தாளம் கெடாதவரை பார்ப்பவருக்கு அது குறையாகத் தெரியாது.

முதலில் கால் மட்டும் 16 சுற்று. பிறகு கால் நிற்காமல், ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு ‘த’. அது பழகிய பின் ‘தகு’. அதன் பிறகு நடையில் பழகிய நாலடிக் கட்டு. மெட்ரோனோம் 60இல் தொடங்கி, ஒரு கட்டு மூன்று நாள் தடுமாறாமல் வந்தால் மட்டும் 5 கூட்டுங்கள்.

மூன்றின் ஓட்டத்துக்கு வரும்போது ஒரு முடிச்சு இருக்கிறது. ‘தகுகு’ என்று அடித்தால் ஒவ்வோர் எட்டிலும் வலக்கை முதலில் விழும், சிரமம் இல்லை. கைகளை மாறிமாறி அடித்தால் ‘தகுத குதகு’ என்று ஆகும். முதல் எட்டில் வலக்கை முந்தும், அடுத்த எட்டில் இடக்கை முந்தும். வலக்காலில் தொடங்கினால் கையும் காலும் ஒரே பக்கமாக விழுந்து தானாக ஓடும். இடக்காலில் தொடங்கிவிட்டால் வலக்கைக்கு இடக்கால், இடக்கைக்கு வலக்கால் என்று குறுக்கே போய் மூளை நின்றுவிடும். தனக்கு வயதாகிவிட்டது, இனி வராது என்று பலர் பையை மூட்டை கட்டுவது இந்த இடத்தில்தான். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இருபது வயதுக்காரரும் இங்கே நிற்பார். வலக்காலில் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து, வேண்டுமென்றே இடக்காலில் தொடங்கிப் பழகுங்கள்.

இன்னொரு பிழை: புது அடி வந்ததும் கால் நின்றுவிடுவது. கண் கையைப் பார்க்கும், தலை குனியும், கால் மறக்கும். எதிரே ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு அதன் உச்சியைப் பார்த்து அடியுங்கள். கை தடுமாறட்டும், கால் நிற்கக் கூடாது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாரக் கணக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதோடு, சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பழக்கும் உழைப்பு வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். முன்னே பின்னே எட்டு வைத்து, அரைத் திருப்பம் திரும்பி, கையில் வேறு வேலையும் நடக்கும் பறையாட்டம் இந்த இரண்டாவது தேவைக்கு நன்றாகப் பொருந்தும்.

மூன்று நாள் மைதானம், நாளுக்கு 50 நிமிடம்: பத்து நிமிடம் சொல்லோடு நடை, ஐந்து நிமிடம் தோள், மணிக்கட்டு, கணுக்கால் சுழற்றல், பத்து நிமிடம் தனி அடிகள், பதினைந்து நிமிடம் ஆட்டத்தோடு அடி, பத்து நிமிடம் பறையை இறக்கி வைத்துவிட்டு மெதுநடை. இடையில் உட்காரும் நேரம் தனி. மற்ற நாட்களில் தலையணையில் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் அடித்து வாரம் முழுக்க விடுகிறவர்களுக்குத் தோள்தான் முதலில் போகும்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். தொப்பியை விடத் தலைப்பாகைத் துண்டு நல்லது; வியர்வை கண்ணில் இறங்காது. அடிக்கிற வேகத்தில் தாகம் தெரியாது, ஆகவே ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் கைப்பேசியில் மணி வைத்துத் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் அளவில் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக, இதய நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்குள் பிரித்துக் குடியுங்கள்.

இடம் தேர்வதில் சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும்; அங்கே எந்த நேரத்திலும் பறை கூடாது. காலை ஆறு மணிக்குச் சட்டம் விட்டாலும், குடியிருப்பை ஒட்டிய மைதானத்தில் ஏழுக்கு முன் தோலில் அடிக்காதீர்கள். நடை, கால் பயிற்சி எல்லாம் முதலில், அடி கடைசியில். பறையின் திறந்த பின்பக்கத்தில் பருத்தித் துண்டைச் செருகித் தோலைத் தொடும்படி வைத்தால் ஒலி வெகுவாக அடங்கும். ஏரிக்கரை, கடற்கரை, அறுவடை முடிந்த வயல் கிடைத்தால் அதுதான் சொர்க்கம்.

காய்ச்சுதல்

தோல் ஈரத்தை உறிஞ்சும். பனி விழுந்த காலையிலும் மழைக்காலத்திலும் அது தொய்ந்து, அடித்தால் ‘தொப்’ என்று ஈரச் சாக்கில் அடித்ததுபோலக் கேட்கும். சூடு ஈரத்தை விரட்டித் தோலைச் சுருக்கும். சுருங்கிய தோல் இறுகி ஒலிக்கும். இதற்குத்தான் காய்ச்சுவது.

வைக்கோல், காய்ந்த ஓலை, பழைய காகிதம் இவற்றில் சிறு தீ போதும். கொழுந்து அடங்கி அனல் நிற்கும்போது, ஓரடி முதல் ஒன்றரை அடி உயரத்தில் தோல் முகத்தைக் காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். விளிம்புக்குக் கூடுதலாகக் காட்டுங்கள், அங்கேதான் ஈரம் தங்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து இரண்டு காரியம் செய்யுங்கள். உள்ளங்கையைத் தோலில் வையுங்கள்: கை தாங்கும் சூடுதான் எல்லை. பிறகு விளிம்பை ஒட்டி விரல் நுனியால் சுற்றிவரத் தட்டுங்கள். ‘தொப்’ மெல்ல ‘தும்’ ஆகி, ‘டங்’ என்று மேலேறும். ஒரு பக்கம் ‘டங்’, ஒரு பக்கம் ‘தும்’ என்றால் ‘தும்’ பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் காட்டுங்கள். சுற்றிலும் ஒரே குரல் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஒலி இன்னும் ஏறட்டும் என்று பேராசைப்பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தோல் காய்ந்து முறுகி முதல் ‘ஜம்’மிலேயே விளிம்போரம் பிளக்கும், அல்லது பசை விட்டுச் சட்டத்திலிருந்து தோல் கழலும். கேஸ் அடுப்பில் காய்ச்சாதீர்கள். ஒரே வளையமாகக் குவியும் சுடர் தோலைப் பொசுக்கும். தீ மூட்ட வசதி இல்லாத இடத்தில் வெயிலில் தோல் முகம் மேலே இருக்க இருபது நிமிடம் வைத்தால் போதும். பாலியஸ்டர் சட்டையும் தொங்கும் துப்பட்டாவுமாகத் தீப்பக்கம் போக வேண்டாம். முழங்கால் முடியாதவர்கள் குந்தாமல் முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சிய இறுக்கம் ஈரக்காற்றில் சீக்கிரம் இறங்கும். ஆகவே தீயை முழுக்க அணைக்காமல் நடுவில் ஒருமுறை காட்ட வைத்திருப்பார்கள். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, கையை மேலே காட்டி அனல் இல்லை என்று உறுதி செய்த பிறகே கிளம்புங்கள். வீட்டில் பறையைத் தரையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றிச் சுவரில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எலிக்கும் தோல் பிடிக்கும்.

குழுவோடு முதல் முறை

மூன்று நாலு மாதத்தில் நாலடிக் கட்டு, மூன்றின் ஓட்டம் இரண்டையும் நாலு எண்ணிக்கை ஆட்டத்தையும் தடுமாறாமல் கொண்டுபோக முடிந்தால் குழுவில் நிற்கலாம். முன்வரிசை வேண்டாம், கடைசிக் கோடியும் வேண்டாம். கோடியில் தலைமை ஆளின் சைகை தெரியாது. காலடி கெட்டியாக விழும் ஒருவருக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள். அடி மாறப்போகும்போது தலைமை ஆள் குச்சியை உயர்த்தியோ குறிப்பொலி கொடுத்தோ சொல்வார். அது என்னவென்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கூட்டத்தில் எல்லோருக்கும் வேகம் ஏறும். உங்கள் மூச்சு ஏறினால் முதலில் ஆட்டத்தைச் சுருக்குங்கள், நின்ற இடத்திலேயே கால் மாற்றுங்கள். அதற்கும் முடியாவிட்டால் அரை வட்டம் பின்வாங்கிக் கை தட்டுங்கள். நெஞ்சில் பாரம், தலைச்சுற்றல், இடது கையில் வலி என்றால் பறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் உடனே சொல்லுங்கள்; கயிற்றின் வலி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

அடி தொலைந்துபோவது எல்லோருக்கும் நடக்கும். அப்போது இரண்டு குச்சியையும் நிறுத்தாதீர்கள். சிண்டுக்குச்சியை மட்டும் தூக்கிவிட்டு, பக்கத்து ஆளின் காலைப் பார்த்து, அந்தக் காலோடு ‘த’ ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டே வாருங்கள். நாலு எண்ணிக்கை ஒரு சுற்று முழுதாகக் கழியட்டும். அடுத்த சுற்றில் வலக்கால் முன்னே விழும்போது சிண்டுக்குச்சியை இறக்குங்கள்.